தாய்மாமன் அடித்த வெள்ளை

ஜார்ஜ் டவுனில் எங்களுடையது பழைய செங்கல் வீடு. மகளைப் பெண் கேட்டு வரப்போகிறார்கள் என்றதும் முன்கூடத்துக்கு விலை உயர்ந்த பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தேன். கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் அண்ணன், காலமெல்லாம் வெள்ளையடித்தே பிழைத்தவர், அப்போதே தடுத்தார். "பழைய செவுரும்மா, ஈரம் வாங்கும். சுண்ணாம்புதான் தாங்கும்லா." எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! "கோயில் மதில் மாதிரி இருக்கும்ண்ணே" என்று வாயை அடைத்துவிட்டேன்.

ஒரே மாதத்தில் சுவர் அப்பளம் போல உப்பிக்கொண்டது. வேறு வழியில்லாமல் அவரையே கூப்பிட்டேன். மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி வந்தார். ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. பெயிண்டைச் சுரண்டி, சுவரை நனைத்து, நீலம் கலந்த சுண்ணாம்பை அடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் வருவதாகச் சொன்ன மாப்பிள்ளை வீட்டார், பக்கத்தில் ஒரு வேலையாக வந்தோம் என்று அன்றைக்கே வந்து நின்றார்கள்.

அரைக்கால் சட்டையும் தலையெல்லாம் வெள்ளைத் துளியுமாக நின்ற அண்ணனைப் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: "இவரு யாருங்க?"

"பெயிண்ட் அடிக்க வந்தவரு" என்றேன். நாக்கு கூசவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டார்.

"நாளைக்கு வந்து மிச்சத்த அடிச்சிடறேன்க்கா."

என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்னை அக்கா என்றார். கோப்பித் தட்டோடு வந்த என் மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

சொன்னபடி மறுநாள் வந்து முடித்தார். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். கோப்பிதான் கொடுத்தேன்.

நிச்சயத்தன்று பெண் வீட்டுப் பக்கம் தட்டு வாங்கத் தாய்மாமன்தான் உட்கார வேண்டும். இது தெரியாதவளா நான்? அவரை யாரோ போலச் சொன்ன அன்றைக்கு அந்த நினைப்பே வரவில்லை, அவ்வளவு பதற்றம், அவ்வளவு பவிசு. பட்டு வேட்டியில் வந்து உட்கார்ந்த அண்ணனிடம் தட்டை நீட்டிய மாப்பிள்ளையின் அப்பா சட்டென்று நிறுத்தினார்.

"நீங்க அன்னைக்கு..." என்று இழுத்து, என்னைப் பார்த்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"நானேதான் சம்பந்தி" என்று அண்ணன் சிரித்தார். "வேலை உடுப்போட இருக்கறப்போ நான் யாருன்னு யாருகிட்டயும் சொல்லாதேன்னு தங்கச்சிகிட்ட நான்தான் சொல்லி வச்சிருந்தேன்."

இல்லை என்று அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆமாம் என்று தலையாட்டினேன்.

தட்டு மாற்றியதும் மகள் மாமன் காலில் விழுந்தாள். எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டவள் கொஞ்ச நேரம் விடவேயில்லை. அப்புறம் என் காலிலும் விழுந்தாள், முறை தவறாமல். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.