சேலைக்கடியில் ஒரு பெடல்

என் மனைவி யோகேஸ்வரிக்கு டிரம்பெட் என்றால் உயிர். பள்ளிக்கூட பேண்டு வாத்தியக் குழுவில் கையில் எடுத்ததை அவள் கீழே வைக்கவேயில்லை. வாரநாளில் தெப்ராவில் தொழிற்சாலை வேலை, வாரக்கடைசியில் கல்யாண விருந்துகளில் வாசிப்பு. பெண் பார்க்கப் போன அன்று என் அம்மா, "பொண்ணுக்குப் பாடத் தெரியுமா?" என்று கேட்டார். "ஊதத் தெரியும் ஆன்ட்டி" என்றாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

போன வருஷம் ஸ்கூடாய் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தாள். உயிர் தப்பியது, முன்பற்கள் போயின. புதுப்பல் கட்டிக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, டிரம்பெட்டுக்குத் தெரிந்தது. பாதிப் பாட்டிலேயே உதடு மரத்துப்போகும். பிறகு வெறும் காற்றுதான் வரும்.

அவளுக்கு ஒரே தம்பி, ரூபேந்திரன். "என் கல்யாணத்துல நீதான்கா ஊதி என்னை உள்ள கூட்டிட்டுப் போகணும்" என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வைத்திருந்தவன். கல்யாணத் தேதி குறித்ததும், "டிஜே போட்டுக்கலாம்கா. நீ நிம்மதியா உட்கார்ந்து பாரு" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் இவள் அன்று முழுக்க டிரம்பெட்டையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் சிங்கப்பூர் போய் இரண்டு பெட்டிகள் வாங்கி வந்தாள். ஒன்று லூப் பெடல். காலால் மிதித்தால் ஊதுவதைப் பதிந்துகொள்ளும், இன்னொரு மிதி மிதித்தால் அதையே திரும்பத் திரும்ப ஒலிக்கும். மற்றது டிரம்பெட்டின் குரலை அடித்தொண்டைக்கு இறக்கிவிடும். ஒரு வரி ஊதிச் சுற்றவிடுவாள், உதட்டுக்கு ஓய்வு கொடுப்பாள், அதன்மேல் இன்னொரு வரி ஊதுவாள். ஒருத்தியே நாலு பேராக வாசித்தாள். நான் குளிக்கப் போகும்போது ஓடிய வரி, தலை துவட்டி வரும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். "திட்டுறதையும் இதுல பதிஞ்சு வச்சுக்க, தொண்டை மிச்சம்" என்றேன். அதற்குத் தனியாகத் திட்டு விழுந்தது.

விருந்தன்றுதான் கூத்து. வீட்டில் டிராக் சூட்டில் பழகியவள், மண்டபத்துக்குப் பட்டுச்சேலையில் வந்துவிட்டாள். மாப்பிள்ளையின் அக்கா வேறு எதைக் கட்டுவாள்? மேடையோரம் போய் நின்றதும் கொசுவம் விரிந்து பெடலை மூடிவிட்டது.

"அலமாக், பெடலே தெரியலங்க! கீழ உட்காருங்க. நான் புருவத்தைத் தூக்கினா அமுக்குங்க, தலையை ஆட்டினா நிறுத்துங்க."

பட்டு வேட்டியோடு அவள் காலடியில் சம்மணமிட்டேன். சொந்தக்காரப் பெண்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

கதவு திறந்து ரூபேந்திரனும் பெண்ணும் உள்ளே வந்தார்கள். முதல் வரி, புருவம், அமுக்கினேன். அருமையாகப் போனது. ஆனால் நம் ஆட்கள் மாப்பிள்ளையைச் சும்மா நடக்கவிடுவார்களா? மேசைக்கு மேசை செல்ஃபி. "மாப்ளே, இங்க பாருலா!" பாதி மண்டபம் தாண்டுவதற்குள் இவள் உதடு வீங்கிவிட்டது. மேல் சுரத்துக்கு ஏறும்போது வலியில் முகம் சுளித்தாள். அதைப் புருவமென்று நினைத்து அமுக்கித் தொலைத்தேன். சுரம் உடைந்தது. பதறிப்போய் மறுபடி அமுக்கினேன். உடைந்த சுரம் பதிவாகி, மண்டபம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ரூபேந்திரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது. "போதும்கா. எனக்காக இவ்வளவு வாசிச்சிட்ட. உட்காரு."

யோகேஸ்வரி டிரம்பெட்டை இறக்கினாள். "நீ இன்னும் மேடைக்கே போகல. பொண்ணை அங்க நிக்க வச்சிட்டு இங்க என்ன பேச்சு? போய்க் கையைப் பிடிச்சு நட."

அவன் போனான். உடைந்த சுரம் மறுபடி வரும்வரை காத்திருந்து, அதற்குக் கீழே தாழ்ந்த சுரம் ஒன்றை மெதுவாக ஊதினாள். புருவம். அமுக்கினேன். அடுத்த சுற்றில் இன்னொன்றைச் சேர்த்தாள். கேட்கக் கேட்க அந்த உடைசலும் பாட்டோடு ஒட்டிக்கொண்டது. நான் வெட்கமில்லாமல் அழுதுகொண்டே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி மேடையேறி உட்கார்ந்ததும் தலையை ஆட்டினாள். பெட்டியை நிறுத்தினேன். கடைசி வரியைத் தனியாக, மெல்லிய குரலில் ஊதி முடித்தாள். உதட்டோரம் ரத்தம் கசிந்திருந்தது.

குனிந்து என்னிடம், "கூட்டிட்டு வந்துட்டேன்லங்க?" என்றாள்.

"கூட்டிட்டு வந்துட்டடீ" என்றேன்.