மிச்சம் பதினைந்து விநாடி

இது கட்டுக்கதை இல்லை. போன மார்ச் மாதம் குனோங் ராபாட்டில், என் சொந்த வீட்டில் நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். அதனால் வந்ததுதான் இதெல்லாம்.

என் மனைவி புஷ்பலதாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அவள் படுத்திருப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பேன். மகள் தினேஸ்வரிதான் பாவம் பார்த்து என் போனில் ஒரு தமிழ் பாட்காஸ்ட் போட்டுக் கொடுத்தாள். கோலா கங்சார் தோட்டத்தில் சின்ன வயதில் பிரிந்துபோன அக்கா தங்கச்சி கதை. வாரம் ஒரு பகுதி. வயர் இல்லாத இயர்போன், ஒன்று புஷ்பா காதில், ஒன்று என் காதில். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு சுகத்தைக் கண்டுபிடித்தேன். அப்புறம் பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, எப்போதும் ஏதாவது பேச்சு காதில் ஓடும். ஆனால் அந்தக் கதை மட்டும் அவளோடுதான். ஊசி குத்தும் நாள் எப்போது வரும் என்று அவளே கேட்க ஆரம்பித்தாள்!

நடுவில் கண்ணயர்ந்துவிடுவாள். விழித்ததும் என் போனைத் தட்டிக் கதையில் பதினைந்து விநாடி பின்னால் போவாள். மறுபடியும் தட்டுவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது டயாலிசிஸ் முடிந்துவிட்டது. 31:40இல் நிறுத்தினோம்.

“நான் இல்லாம கேட்டுடாதீங்க,” என்றாள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில், ஹெல்மெட்டுக்குள்ளேயே மிச்சத்தையும் கேட்டுவிட்டேன். ஆசை. திரும்ப 31:40க்குக் கொண்டுவந்து வைத்தேன்.

அன்று ராத்திரி படுக்கும்போது கேட்டாள். “ஏங்க, கேட்டுட்டீங்களா?”

“இல்லலா.”

சிரித்தாள். விடியும்போது அவள் இல்லை. நான் அவளிடம் கடைசியாகப் பேசியது அந்தப் பொய்தான்.

எட்டாம் நாள் படையல். ஆட்டுக்கறி, டாக்டர் இத்தனை வருஷம் தடுத்துவைத்த டுரியான் பழம், எல்லாம் இலையில் வைத்தோம். யாருக்கும் தெரியாமல் ஒரு இயர்போனை இலை ஓரத்தில் வைத்தேன். போனை அவள் படத்துக்குப் பின்னால் வைத்து, 31:40இலிருந்து ஓடவிட்டேன். முடிவு தெரியாமல் அவள் போகக் கூடாது. எனக்கு அது மட்டும்தான் வேண்டும்.

“எல்லாரும் வெளிய வாங்க. அவ வந்து சாப்பிடட்டும்,” என்றார் அவள் அண்ணன் மாயாண்டி. நான் முதலில் வந்தேன். தினேஸ்வரி கடைசியாக வந்தாள். கதவு சாத்தியபோது மணி 7:10.

வாசலில் நின்றேன். இன்னொரு இயர்போன் என் காதில். கதை ஓடியது. எதிரே மலை கறுத்துக்கொண்டு வந்தது.

7:16. கேட்ட வரியே திரும்ப வந்தது. பதினைந்து விநாடி பின்னால்... போனில் கோளாறு என்று நினைத்தேன்.

7:19. மறுபடியும்.

வாசலில் நின்றவர்களை எண்ணினேன். எல்லோரும் வெளியேதான் இருந்தார்கள்.

7:21. காதுக்குள் ஒரு சத்தம்...

“ம்...”

கதை கேட்கும்போது புஷ்பா போடும் அதே “ம்”.

பயம்தான். ஆனால் இயர்போனைக் கழற்ற மனம் வரவில்லை.

“மன்னிச்சிரு புஷ்பா,” என்றேன்.

7:28. அக்காவும் தங்கச்சியும் சுங்காய் பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொள்கிறார்கள். முடியப் போகிறது...

பின்னால் போனது.

நின்றது.

மாயாண்டி கதவைத் திறந்தார். நான் ஓடிப்போய்ப் படத்துக்குப் பின்னால் கையை விட்டேன். போன் இல்லை.

“அப்பா, இதையா தேடுறீங்க?” தினேஸ்வரி தன் கைப்பையிலிருந்து எடுத்தாள். “கதவு சாத்துறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். படையல் நேரத்துல யாராச்சும் கோல் பண்ணுவாங்கன்னு அப்பவே சுவிட்ச் ஓப் பண்ணிட்டேன்லா.”

திரை கறுப்பாக இருந்தது. மறுபடி ஓன் பண்ணிக் கதையைத் திறந்து பார்த்தேன். 31:40 இல்லை. முடிவுக்குச் சரியாகப் பதினைந்து விநாடி மிச்சம்.

நான் அவள் இல்லாமல் கேட்டு முடித்தேன். அவள் நான் இல்லாமல் முடிக்கவில்லை.

அந்தப் பதினைந்து விநாடியை இன்றுவரை நான் ஓடவிடவில்லை.