ஒன்பதுக்குப் பின் பத்து

வீட்டில் நானும் என் மகளும்தான். அவள் பெங்களூருக்குப் படிக்கப் போனபின் நான் மட்டும். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் அறையின் சாவியும் என்னிடம்தான். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே நான்கு மெஷின்கள். அவற்றில் ஒன்றில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் நிரல்களை நிறுவ உதவும் பேக்கேஜ் கோப்புகளை விடுமுறைதோறும் இருவரும் சேர்த்துவைத்தோம். கோப்பின் பெயரில் முதலில் நிரலின் பெயர், பிறகு ஒரு கோடு, அடுத்துப் பதிப்பு எண். அவளே எழுதிய நிரலும் அதில் இருந்தது. ஆற்றின் நீர்மட்ட அளவுகளைக் கொடுத்தால் படமாக வரைந்து காட்டும்.

பொங்கல் முடிந்து கிளம்பும்போது சொன்னாள்: “டிஸ்க் நிரம்பிட்டுன்னா ஒவ்வொண்ணுலயும் கடைசிப் பதிப்பை வச்சிட்டு மத்ததை அழிச்சிரும்மா. இதுக்கெல்லாம் எனக்குப் போன் போட்டுக் கேக்காத.”

கடைசி வாக்கியம் உறுத்தியது. டிஸ்க் நிரம்பியபோது, யாரையும் கேட்காமல், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நானே உட்கார்ந்து அழித்தேன். அவளுடைய நிரலில் 1.9, 1.10 என்று இரண்டு இருந்தன. 1.10 என்றால் 1.1தானே, 1.9தான் பெரியது. ஏழாம் வகுப்பில் இதைத் தப்பாகப் போட்டால் சிவப்பு மையில் சுழிப்பேன். 1.10-ஐ அழித்தேன். அழித்தால் திரும்ப எடுக்க வழியில்லை.

ஞாயிறு காலை போன் வந்தது.

“எம்மா, ஹாஸ்டல்ல என் டிஸ்க் போயிட்டு. நல்லவேளை, 1.10-ஐ அங்கன போட்டு வச்சேன். நாலு மாச வேலை. ஃபிளாப்பில அனுப்பிருதியா?”

“1.9தான கடைசி?”

“இது என்ன, உன் தசமக் கணக்கா? ஒன்பதாவது திருத்தம், அப்புறம் பத்தாவது திருத்தம். இருக்குல்லா?”

“இருக்கு. நாளைக்கு அனுப்புதேன்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

உடனே பள்ளிக்கு ஓடினேன். “என்ன டீச்சர், ஞாயித்துக்கிழமை கூட அந்தப் பெட்டியைச் சும்மா விடமாட்டியளா?” என்று வாட்ச்மேன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷினில் தேடினேன், ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 1.9தான்.

பஸ் ஏறத் தோன்றாமல் ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்து ஜங்ஷன் வரை போய்விட்டேன். அங்கே எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஹாஸ்டலுக்குப் போன் செய்தேன்.

“அழிச்சிட்டேன்.”

“எப்போ?”

“செவ்வாக்கிழமை.”

“அழிச்சது போட்டும்மா. திரும்ப எழுதிருவேன். காலையில இருக்குன்னு சொன்னியே, அது எதுக்கு?”

போனை வைத்துவிட்டாள்.

அதன்பின் பல ஞாயிறுகள் போன் மணி அடிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். கோடை விடுமுறைக்கும் அவள் வரவில்லை. பள்ளி திறந்த வாரம் தபாலில் ஒரு ஃபிளாப்பி வந்தது. கடிதம் இல்லை. லேபிளில் அவள் கையெழுத்தில் 2.0 என்று மட்டும் இருந்தது.

அன்று மாலையே அவள் கூப்பிட்டாள்.

“வந்துட்டா?”

“வந்துட்டு. மெஷின்ல ஏத்திட்டேன்.”

“நெசமாவா?”

அதற்குமுன் என்னிடம் அவள் அப்படிக் கேட்டதே இல்லை.