மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றபோது

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் ஆய்வுக்காக விற்பனைப் பெண்களிடம் பேசியபோது, மேற்பார்வையாளரை விலகி நிற்கச் சொல்லாமல் இருந்தது என் குற்றம். அவருக்குப் பயந்துதான் "அரை நாள் வேலையே போதும் சார்" என்றார்கள். அது தெரிந்தும், பெண்கள் பகுதிநேர வேலையையே விரும்புகிறார்கள் என்று எழுதினேன். அதைக் காட்டியே முதலாளி எல்லோரையும் அரை நாளுக்கு மாற்றினார். சம்பளமும் பாதியானது.

ஓய்வு பெற்ற பிறகு, அவர்களில் இன்னும் அதே கடையில் அரை நாள் வேலை பார்க்கும் ஒருத்தியைத் தேனாம்பேட்டையில் அவள் வீட்டில் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்ப வச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது? பழையபடி முழு நாள் வாங்கிக் குடு" என்றாள்.

முதலாளியைப் பார்த்து, அன்று அவர்கள் பயத்தில் சொன்னார்கள், முழு நாள் வேலைதான் வேண்டுமாம் என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். யோசிக்காமல் அவள் பெயரைச் சொன்னேன். எனக்குக் காபி வரவழைத்தார். மறுநாள் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.