துண்டு மூடிய முறம்

இந்த நினைவு மலரின் அட்டையில் அம்மா சிரித்தபடி நிற்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இடது தோளுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒன்று எட்டிப் பார்க்கும். அச்சகத்தார் அதை அழித்துத் தருவதாகச் சொன்னார். இருக்கட்டும் என்று நான்தான் தடுத்தேன். அது ஒரு மாட்டுக் கொம்பு. எங்கள் வீட்டில் மாடு இருந்ததே இல்லை என்பது சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரியும். அந்த மாடு அம்மாவின் பக்கத்தில் எப்படி வந்து நின்றது என்பதை இந்த முதலாம் ஆண்டு நினைவு நாளில் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு நான் ஒரே மகள். எனக்குப் பதிலாக இதை எழுத வேறு ஆள் கிடையாது.

அம்மா தொப்பூர்க் கணவாய்க்கு அருகில் ஒரு சிற்றூரில், கத்தோலிக்க விவசாயக் குடும்பத்தில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தார். எட்டாம் வகுப்புவரை படித்தார். கணக்கில் கெட்டிக்காரர். கடத்தூர்ப் பக்கம் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், கணவாய்ச் சாலையின் லாரிச் சத்தம் கேட்காததால் ஒரு மாதம் தூக்கமே வரவில்லை என்று சொல்லிச் சிரிப்பார். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும். தண்ணீர் இருந்தால் தக்காளி, இல்லாவிட்டால் ராகியும் துவரையும். அப்பாவிடமிருந்து ஒரு வார்த்தையைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து அம்மாவே பேசினார்.

கிணறு வற்றிய வருடம், போர் போடுவதற்காக அம்மா குழுக் கடனில் சேர்ந்தார். பத்துப் பெண்கள் சேர்ந்த குழு. ஒருவர் தவணை கட்டத் தவறினால் மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து கட்ட வேண்டும் என்பது கம்பெனியின் நிபந்தனை. கணக்குத் தெரிந்தவர் என்பதால் அம்மாவைத் தலைவியாக்கினார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் பாய் விரியும். வசூலுக்கு வருகிறவரை எல்லாரும் ‘லோன் சார்’ என்றே கூப்பிடுவார்கள். முழுப் பணமும் சேரும்வரை பாயை விட்டு யாரும் எழக்கூடாது. அடுப்பில் சோறு பொங்கினாலும் சரி, களை வெட்டப் போக நேரமானாலும் சரி, உட்கார்ந்துதான் இருக்க வேண்டும்.

முதல் வருடத்திலேயே ஒரு செவ்வாயன்று சகாயம் சித்தியிடம் பணம் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரான அவரை நான் சிறு வயதிலிருந்தே சித்தி என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்குக் கூலி போய்விடுமே என்ற கோபத்தில் எல்லாரும் அவரைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டார்கள். அதன்பின் சித்தி மூன்று ஞாயிறு பூசைக்குக்கூட வரவில்லை. நான்காவது ஞாயிறு அம்மா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

அடுத்த செவ்வாய் பாயின் நடுவில் அம்மா ஒரு முறத்தை வைத்து, அதன்மேல் அப்பாவின் துண்டைப் போட்டு மூடினார். ஒவ்வொருவராகத் துண்டுக்கு அடியில் கையை விட்டு, முடிந்ததை வைத்துவிட்டு அடுத்தவரிடம் முறத்தைத் தள்ள வேண்டும். சுற்று முடிந்ததும் துண்டை எடுத்து எண்ணுவார்கள். குறைந்தால் மூடிய முறம் மறுபடியும் சுற்றும். யார் குறைத்தார், யார் கூடுதலாக வைத்தார் என்று கேட்கக் கூடாது.

லோன் சாருக்கு இது பிடிக்கவில்லை. “யாரு கட்டுனாங்க, யாரு கட்டலன்னு எனக்குத் தெரியணுமேங்க்கா” என்றாராம்.

“பணம் சரியா இருக்குதான்னு எண்ணிக்கோங்க சார். பத்துப் பேரு கடன் அட்டையிலயும் கையெழுத்துப் போடுங்க. யாரு வூட்டுக் காசுன்னு நோட்டு மேல எழுதியா இருக்குது?” என்றார் அம்மா.

எனக்கும் பிடிக்கவில்லைதான். ஓசூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த நான் லீவில் வந்தபோது ஒருநாள் இதைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். “ஏம்மா, ஒருத்தி வெறுங்கைய உள்ள வுட்டு எடுத்தா எப்படித் தெரியும்?”

“தெரியாதுதான் பாப்பா. அதுக்குத்தான துண்டு” என்றார். அம்மாவுக்கு உலகம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். படிக்கிற பிள்ளைக்கு அந்த நினைப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது.

கடைசி வருடப் படிப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில், தக்காளி நல்ல விலைக்குப் போனது என்று சொல்லி அம்மா பணம் அனுப்பினார். அடுத்த லீவில் நான் வந்தபோது அம்மாவின் காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி இருந்தது. திருகு தேய்ந்துவிட்டதால் ஆசாரியிடம் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அந்தத் தோடு திரும்பி வரவேயில்லை. அடகு வைத்தது பிறகு தெரிந்தது. குழுவில் யாரோ ஒருத்தி வெறுங்கையை விட்டு எடுக்கிறாள், அந்தக் குறையை அம்மா தன் தோட்டை வைத்து அடைக்கிறார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அதிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த ஒன்பது முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, திருடி யாரென்று தேடுவேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ஈரத் தோட்டத்தில் நின்று காலில் வந்த புண்ணை, நர்சான என்னிடமே மறைத்தார். தருமபுரி அரசு மருத்துவமனையில் பதினோரு நாட்கள் இருந்தார். எனக்குக் கிடைத்தது நான்கு நாள் லீவு. மற்ற நாட்களில் குழுப் பெண்கள் முறை வைத்து வந்து கூட இருந்தார்கள். அதை நான் அன்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் காசைத் தின்றதற்குச் செய்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன். அம்மா சாமியாரிடம் நோயில்பூசுதல் பெற்று, நல்ல நினைவோடு, அப்பாவின் கையைப் பிடித்தபடி இறைவனிடம் போனார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் பந்தி நடந்தது. ஒன்பது பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இலையில் சோறு விழுந்துவிட்டது. அப்போது நான் அவர்கள் முன்னால் போய் நின்றேன்.

“எங்கம்மா காதுல வேப்பங்குச்சியோட மண்ணுக்குள்ள போயிட்டாங்க. அந்தத் தோடு யாருக்குப் போச்சுன்னு இப்பவாச்சும் சொல்லுங்க. இப்பத்தான் துண்டு இல்லியே.”

சகாயம் சித்தி ஒருமுறை அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஒன்பது பேரும் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் இலையை மடக்கிவிட்டு எழுந்து போனார்கள். அன்று பந்தியில் இருந்த உங்களில் பலர் இதைப் பார்த்தீர்கள். நான் கேட்டதுதான் சரி என்று சிலர் என்னிடம் சொல்லவும் செய்தீர்கள்.

சில வாரங்கள் கழித்து லோன் சார் வந்தார். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் பாக்கியை இன்சூரன்சில் கழித்துவிடுவார்களாம். அதற்குக் கையெழுத்து வேண்டுமென்றார். அம்மாவின் பழைய கடன் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தன் போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். அதுதான் இந்த மலரின் அட்டைப் படம்.

“மாட்டுக் கடன் குடுக்கறப்போ மாட்டோட நிக்கவெச்சு எடுக்கணுங்க. உங்கம்மா குழுவுல மூணு பேர எடுத்தன். மூணு மாட்டுக்கும் ஒரே மாதிரி கொம்பு வளைஞ்சிருந்துது. அப்பவே நெனச்சன், பேசாம எடுத்துட்டன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா இறந்த பிறகு நான் சிரித்தது அன்றுதான். ஆனால் கடன் அட்டையில் அந்த மாட்டுக் கடன் கொடுத்த மாதத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் கடைசி வருடக் கட்டணம் கட்டிய மாதம் அது. அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்கூட விடாமல் தவணை கட்டியிருந்தது.

அவர் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன். “தக்காளி நல்ல விலைக்குப் போச்சுன்னு சொல்லித்தானப்பா பீஸ் கட்டுனீங்க?”

“அந்த வருசம் தக்காளிய யாரு பறிச்சா? பறிக்கிற கூலிக்கே கட்டல. செடியிலயே வுட்டுட்டோம். மாட்டுக் கடனத்தான் உனக்கு அனுப்புனோம்.”

“அப்போ டியூ எப்படிக் கட்டுனீங்க?”

“தோட்டு மேல வாங்குன காசு கொஞ்ச நாள் ஓடுச்சு. அப்புறம் ஒண்ணுமில்ல. உங்கம்மா வெறுங்கையத்தான் உள்ள வுட்டு எடுத்தா பாப்பா. நாலு மாசம். எல்லாருக்கும் தெரியும். அவ காதப் பாத்தாலே புரியுமே. முறம் ரெண்டு சுத்து, மூணு சுத்து வரும். ஒருத்தரும் வாயத் தொறக்கல. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா.”

வருடக்கணக்காக நான் தேடிய திருடி என் அம்மா. அவர் எடுத்ததெல்லாம் என் படிப்புக்கு. கூலிக்குப் போய்ச் சேர்த்த காசைத் துண்டுக்கு அடியில் வைத்து என்னை நர்ஸ் ஆக்கிய ஒன்பது பேரைத்தான் இலையை மடக்கவைத்து அனுப்பியிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலமே சகாயம் சித்தி வீட்டுக்குப் போனேன். வாசலில் அந்த மாடு நின்றிருந்தது, வலது கொம்பு வளைந்து. சித்தி தீவனம் கரைத்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் தெரிஞ்சும் அன்னிக்கு ஏன் சித்தி பேசாம போனீங்க?”

சித்தி கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “அந்தத் துண்டப் போட்டது உங்கம்மா. எனக்காகப் போட்டா. அவ செத்ததும் நாங்க எப்படி பாப்பா அத எடுக்கறது?”

நான் அழுதேன். பிறகு, எனக்குச் சம்பளம் வருகிறது, யார் யார் எவ்வளவு வைத்தீர்கள் என்று சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

“யாருக்குத் தெரியும்? துண்டு மூடித்தான இருந்துது” என்றார் சித்தி. மாட்டைக் கறந்து எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

இந்த ஒரு வருடமாக எங்களுக்குத் துணை நின்ற உங்களுக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும். அம்மாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அடக்கப் பூசையும் மாதாந்திரப் பூசையும் வைத்த பங்குச் சாமியாருக்கும், பாடிய பிள்ளைகளுக்கும், குழி வெட்டியவர்களுக்கும், தூரத்திலிருந்து வந்த தொப்பூர் மாமன்மாருக்கும், படத்தைக் கொடுத்த லோன் சாருக்கும், சத்தியத்தைக் காப்பாற்றியதோடு அதை மீற வேண்டிய நேரத்தில் மீறிய என் அப்பாவுக்கும் நன்றி.

முப்பதாம் நாளன்று நான் கேட்டது தவறு. அன்று அதைக் காதால் கேட்டவர்கள் எல்லார் முன்னாலும் இதைச் சொல்லத்தான் இந்தப் பக்கங்களை அச்சடித்திருக்கிறேன். அம்மா மூடிவைத்ததை நான் திறந்துவிட்டேன். அம்மா என்னைத் திட்டுவார். பரவாயில்லை.

குழுவைச் சேர்ந்த ஒன்பது பேருக்கும் ஒரு வேண்டுகோள். நினைவுப் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். செவ்வாய்க்கிழமைப் பாயை அதே இடத்தில் விரித்து வைத்திருப்பேன். அம்மா உட்காரும் இடத்தில் நான் இருப்பேன். ஒன்பது பேரும் வயிறாரச் சாப்பிட்டு முடிக்கும்வரை பாயை விட்டு யாரும் எழக்கூடாது.