கிடேரியின் வெள்ளை நூல்

சாரல் காலத்தில் குற்றாலத்தில் எதுவும் காயாது. துண்டு காயாது, தீப்பெட்டி காயாது, ஆட்களின் தலையும் காயாது. எண்பதுகளின் பிற்பகுதியில் நான் அங்கே ஒரு விடுதியில் வேலை பார்த்தேன். அறை பெருக்குவேன், வெந்நீர் வாளி கொண்டுவைப்பேன், துண்டுகளை வராந்தாக் கொடியில் ஈரமாகப் போட்டு ஈரமாகவே எடுத்து மடிப்பேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆட்களோடு பேச எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது. கதவைத் தட்டி வாளியை வைத்துவிட்டு, கதவு திறப்பதற்குள் படியிறங்கிவிடலாம் என்பதாலேயே அந்த வேலை பிடித்திருந்தது.

வீடு தென்காசியில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில். என் மனைவி ஒரு பசு வைத்து வீடுகளுக்குப் பால் ஊற்றிவந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி வீட்டில் பேச்சும் இல்லை. கல்யாணமான புதிதில் பேசியதெல்லாம் எப்போதோ தானாகவே நின்றுபோயிருந்தது.

அந்தப் பசு ஒரு தடவை இரட்டைக் கன்று போட்டது. ஒன்று காளை, ஒன்று கிடேரி. காளை வளர்ந்ததும் ஆலங்குளத்துக்காரர் ஒருவர் உழவுக்கென்று ஓட்டிப்போனார். கிடேரி எங்களோடு நின்றது. மங்கலான சந்தன நிறம். மழை பெய்தால் மற்ற மாடுகள் தொழுவத்துக்குள் ஒதுங்கும், இது வெளியே வந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

காளையோடு சேர்ந்து பிறந்த கிடேரி சினை பிடிக்காது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மாட்டுத் தரகர் ஒருவர் இருந்தார், வயதானவர். சந்தைக்குப் போகும்போதும் வரும்போதும் எங்கள் வாசலில் நிற்பார்.

"ஏத்தா, சொன்னாக் கேளு. அது மலடு. செங்கோட்டை வழியா லாரி போகுது, ஏத்தி விட்டுரு. வேற நல்ல கன்னா நான் பாத்துத் தாரேன்."

அவர் மாட்டைத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னதும் அவரே நாக்கைக் கடித்துக்கொண்டு துண்டை உதறினார். என் மனைவி கையிலிருந்த புல்லைக் கிடேரிக்குப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"ஒண்ணு ரெண்டு தப்பிக்கும்னு மாட்டாஸ்பத்திரில சொல்லுதாக அண்ணாச்சி. பாக்காம எப்படி மலடுங்கிய?"

"எங்கன போயிப் பாப்ப? வயித்தக் கிழிச்சா?"

மலை தாண்டி அறுப்புக்குப் போன லாரியிலிருந்து எதுவும் திரும்பி வந்ததில்லை. அதன்பிறகு அவள், தரகர் குரல் தெருவில் கேட்டாலே கிடேரியை அவிழ்த்துக் கொல்லைக்குக் கொண்டுபோய் விடுவாள்.

அந்தச் சாரலில்தான் விடுதியின் மாடி அறைக்கு டாக்டரம்மா வந்தார். மாட்டு டாக்டர். சுற்றுவட்டார மாடுகளின் ரத்தத்தைப் பார்ப்பதற்காக வந்திருந்தார். சீமையிலிருந்து விலையுயர்ந்த மருந்துகளை வரவழைத்துச் செய்யும் சோதனையை, கையில் கிடைப்பதை வைத்துச் செய்யமுடியுமா என்று பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. முதல் நாளே என்னிடம் சமையல் உப்பு, பப்பாளிக்காய், மீன் கடை ஐஸ்கட்டி மூன்றும் கேட்டார். பப்பாளியும் மீன் ஐஸும் வாங்கி வந்த என்னைப் பார்த்து மேனேஜர், "ஏலே, மாடியில என்ன குழம்பு வைக்காவ?" என்றார்.

வெந்நீர் வைக்கப் போகையில் ஒருநாள், வாளியை வைத்துவிட்டு ஓடாமல் நின்றேன். கிடேரியைப் பற்றி எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டிருப்பேன். டாக்டரம்மா என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"வயிற்றுக்குள் இருக்கும்போது ரெண்டு கன்றோட ரத்தமும் கலந்துபோகும் அண்ணாச்சி. அண்ணனோட செல்கள் தங்கச்சி உடம்பில் ஏறிவிட்டால் கருப்பை வளராது. ஏறாமலும் இருக்கலாம். ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தால் தெரியும்."

மூடி போட்ட ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைத் தந்தார். மாட்டாஸ்பத்திரியில் கொடுத்து, அதில் ரத்தம் எடுத்துக் கொண்டுவரச் சொன்னார்.

நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பால் ஊற்றும் வீட்டில் எந்தப் பாத்திரமும் வெந்நீர் காட்டாமல் உள்ளே வராது. காட்டாவிட்டால் பால் திரியும். அது அவளுக்குக் கைப்பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. குப்பியைத் திறந்து பார்த்தாள். அடியில் ஏதோ கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. "யாரோ குடிச்ச எச்சி மருந்தா இருக்கும்" என்று கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்து, கொதிக்கும் நீரில் முக்கி, வெயில் இல்லாததால் அடுப்பு மேலேயே காயவைத்துப் பளபளவென்று தந்தாள். மறுநாள் மாட்டாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து அதில் ஊற்றிக் கொடுத்தார்கள். குற்றாலம் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா குப்பியைச் சாய்த்தார். ரத்தம் சாயவில்லை. உறைந்த தயிர்போல அப்படியே நின்றது.

"அடியில் ஒரு மருந்து இருந்ததே, உறையாமல் இருக்க?"

"கழுவியாச்சு டாக்டரம்மா."

"கழுவினீங்களா?"

"நல்லாக் கழுவியாச்சு."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் காது சுட்டது. ஆனால் மறுநாள் காலையில் குடையும் பையுமாக அவரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

மனைவி கிடேரியின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "வலிக்குமா?" என்று கேட்டாள்.

"எறும்பு கடித்த மாதிரி இருக்கும்."

"மாட்டுக்கு எறும்பு கடிச்சா எப்படியிருக்கும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரெண்டு பேரும் சிரித்தார்கள். கிடேரி காதை மட்டும் ஆட்டியது. ரத்தம் எடுத்ததும் மனைவி சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "நானும் வாரேன். குப்பியத் தொடமாட்டேன்."

மாடி அறையின் கதவருகே அவள் தரையில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே மலை இல்லை. வெள்ளையாக ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது. அருவியின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா ரத்தத்தை ஒரு குழாயில் ஊற்றி, கையால் சுற்றும் இயந்திரத்தில் வைத்தார். மேசை ஓரத்தில் திருகி மாட்டிய சிறிய இரும்பு இயந்திரம் அது. கைப்பிடியைச் சுற்றினால் குழாய்கள் பறக்கும்.

"ஒரே சீராகச் சுற்றுங்க அண்ணாச்சி. வேகம் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

நான் சுற்றினேன். இயந்திரம் ஒரு பெரிய வண்டு மாதிரி ரீங்காரமிட்டது. சிவப்பைக் கழித்துக் கழித்து, கடைசியில் குழாய் அடியில் வெண்மையாக ஒரு துளி நின்றது. அதில் சோப்புக் கரைசலும், பப்பாளிக்காயைக் கீறி எடுத்த பாலும் சேர்த்தார். "கறி வேகுறதுக்கு நாங்களும் பப்பாளி போடுவோம்" என்றாள் மனைவி. "அதே வேலைதான்" என்றார் டாக்டரம்மா. மதியம் முழுவதும் குழாயை வெந்நீரில் வைத்து, ஆற ஆற நான் நீர் மாற்றினேன். மனைவி சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். சாரல் ஜன்னல் கம்பியில் துளிகளாகக் கோத்து நின்று, ஒவ்வொன்றாக விழுந்தது. எழுந்திருக்கவேண்டிய அவசரம் எதுவும் உலகத்தில் இல்லாத மாதிரி இருந்தது.

பிறகு உப்புக் கரைசல் ஊற்றி இன்னொரு சுற்று. அடியில் கசடு தங்கியது. மேலே தெளிந்ததை வேறு குழாயில் எடுத்தார். மீன் வாசனை அடிக்கும் ஐஸ்கட்டிக்குள்ளிருந்து ஸ்பிரிட் புட்டியை எடுத்துத் துடைத்து, குழாயின் ஓரத்தோடு மெதுவாக வழியவிட்டார். நான் மனைவியைத் தொட்டு எழுப்பினேன்.

ரெண்டு நீரும் சேரும் இடத்தில் முதலில் ஒரு மூட்டம். பின்பு அதிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் எழுந்தது. அதைச் சுற்றி இன்னொன்று. இலவம்பஞ்சைத் தண்ணீருக்குள் பிரித்துவிட்ட மாதிரி, அவசரமில்லாமல் சுருண்டு சுருண்டு மேலே வந்தது. டாக்டரம்மா குழாயை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தது.

"இதுதானா? நம்ம கிடேரியா இது?"

"கிடேரிதான். அண்ணனும் இதில் இருக்கானா என்றுதான் தெரியவேண்டும். ஆண் நூலில் மட்டும் ஒட்டுகிற பொருள் ஒன்று பட்டணத்தில் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்ப் பார்க்கவேண்டும்."

ஆலங்குளத்தில் எங்கோ உழுதுகொண்டிருக்கும் காளையை நினைத்துக்கொண்டேன். அது இங்கேயும் இருக்கலாம் என்றால், எனக்குப் பயமாகவும் இருந்தது, அழகாகவும் இருந்தது. மனைவி அந்த நூலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. இருட்டத் தொடங்கியதும் பஸ்ஸுக்கு எழுந்தோம். வழியெல்லாம் அவள், தனக்குள்ளும் அப்படியொரு நூல் இருக்கிறதா என்று தேடுவதுபோல, தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா போய்ச் சாரலும் அடங்கியபின், விடுதிக்குப் போன் வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ரிசீவரை என் காதில் வைத்தார்.

"அண்ணாச்சி, நம்ம சோதனை நல்லபடியாக வேலை செய்திருக்கிறது. உப்பும் பப்பாளியும் போதும்போல." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனால் ஆண் செல் நிறைய இருக்கிறது. அது சினை பிடிக்காது."

சரி என்றேன். பஸ்ஸில் என் நிறுத்தம் வந்ததும் போனதும் தெரியாமல், ஊருக்கு அந்தப்பக்கம் இறங்கி நடந்து வந்தேன்.

வாசலில் தரகர் நின்றிருந்தார். மனைவி கிடேரியைக் கொல்லைக்கு ஓட்டவில்லை. கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் இல்லையென்று அசைத்தேன். அவள் கிடேரியின் கழுத்தடியில், ஊசி போட்ட இடத்தில், கையை வைத்தாள்.

"நான் அப்பவே சொன்னம்லா" என்றார் தரகர். "இந்தா தம்பி, லாரிக்கு ஆள் நிக்கான். கயித்தக் குடு."

அவள் கை கயிற்றில் இறுகுவதைப் பார்த்தேன். கொடுக்கமாட்டோம் என்று அந்த வீட்டில் சொல்லவேண்டியவள் அவள் இல்லை, நான்தான் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

"குடுக்கிறதுக்கு இல்ல அண்ணாச்சி" என்றேன்.

தரகர் என் பக்கம் திரும்பினார். நான் பேசி அவர் கேட்டதில்லை. "சினையும் பிடிக்காது, பாலும் கறக்காது. புல்லு போட்டு வச்சு என்னத்தலே பண்ணப்போற?"

"சும்மா இருக்கட்டும். பாத்துக்கிட்டிருப்போம்."

"பாத்துக்கிட்டா?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் சிரித்தார், தெருமுனை போகும்வரைக்கும் சிரித்துக்கொண்டே போனார். மனைவி கிடேரியின் கழுத்திலிருந்த கயிற்றை அவிழ்த்து என் கையில் தந்துவிட்டு, கிடேரிக்குத் தண்ணீர் காட்டத் தொட்டிப் பக்கம் நடந்தாள்.