பச்சோந்தி சாப்பிட்ட நாள்

அந்த வெயில்காலத்தில் வெள்ளானூரில் மனை போடுவதற்காக மரங்களை வெட்டி இடத்தைச் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தேன். என் கையில் மரம் அறுக்கும் மெஷின். ஒரு வேப்பமரத்தை அறுத்துச் சாய்த்தபோது கிளையோடு சேர்ந்து ஒரு பச்சோந்தியும் விழுந்தது. பின்னங்கால் ஒன்று நசுங்கியிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் ஜேசிபி வந்து அந்த இடத்தை வழித்துக்கொண்டு போய்விடும். சுற்றிலும் ஒரு செடி மிச்சமில்லை, நாய்கள்தான் இருந்தன. மதியச் சாப்பாடு கொண்டுபோன தூக்கில் அதைப் போட்டுக்கொண்டு ஆவடிக்கு வந்தேன். கால் சரியானதும் ஏதாவது ஒரு மரத்தில் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

சிமெண்ட் ஷீட் போட்ட லைன் வீட்டில் ஒரே ஓர் அறை. என்னோடு தங்கியிருந்தவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணாத்தே என்று கூப்பிடுவேன். அவர் தூக்கைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"இன்னாடா இது? ஊட்டுக்குள்ள கொண்டாற சாமானா இது?"

"கால்ல அடி அண்ணாத்தே. ரெண்டு மூணு நாள்ல உட்றலாம்."

"நீயே ஒரு ஊட்ல ஒயுங்கா ஆறு மாசம் தங்க மாட்ட. உன்கிட்ட வந்து மாட்டிக்கினு கீது பாரு."

அவர் சொன்னதில் தப்பில்லை. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியவன் நான். திருப்பூர், ஓசூர், கும்மிடிப்பூண்டி என்று எத்தனையோ அறைகளில் படுத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் விடாமல் வைத்திருந்த பழக்கம் ஒன்றே ஒன்று. எந்த அறைக்குப் போனாலும் முதல் வேலையாக என் பாயைச் சுற்றிக் கரப்பான் கொல்லும் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவேன். திருப்பூரில் தூக்கத்தில் காதுக்குள் கரப்பான் புகுந்து, ஆஸ்பத்திரியில் எண்ணெய் விட்டு எடுத்தார்கள். அதற்குப் பிறகு கோடு இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. அண்ணாத்தே கட்டிலில் படுப்பார். கோட்டைத் தாண்டித் தாண்டிப் போவார், கேலி செய்வார்.

ஜன்னல் கம்பியில் ஒரு முருங்கைக் கிளையைக் கட்டி அதில் பச்சோந்தியை ஏற்றினோம். சோறு வைத்தேன், தக்காளி வைத்தேன், பாட்டில் மூடியில் தண்ணீர் வைத்தேன். எதையும் அது பார்க்கவில்லை. ஒரு கண் என்னைப் பார்க்கும், இன்னொரு கண் கூரையைப் பார்க்கும். பச்சை போய் உடம்பு கருத்துக்கொண்டே வந்தது.

"மாமியா ஊட்ல கோச்சுகினு துன்னாம குந்திகினு கீற மாப்ள மாரியே கீறான்" என்றார் அண்ணாத்தே. அன்றிலிருந்து அது மாப்ள ஆனது.

நான்காம் நாள் குமணன்சாவடியில் வண்ணமீன் விற்கிற கடைக்குப் போய் செல்போனில் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இத்த வெச்சுகினு கீறேன்னு வெளிய சொல்லாத நைனா, ஃபாரஸ்ட்காரன் கேஸ் போட்ருவான். சோறு வெச்சா எப்பிடித் துன்னும்? நவுர்றதத்தான் துன்னும். தண்ணிகூட எலைல சொட்டு சொட்டா நின்னாத்தான் நக்கும்."

ஃபாரஸ்ட்காரர்களிடமே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். என்னைப் போல ஒருவன் போனால் முதலில் என்னைத்தான் விசாரிப்பார்கள் என்று பயந்தேன்.

துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற டப்பாவை எடுத்து அண்ணாத்தே இலைகளின் மேல் அடித்தார். மாப்ள மெதுவாகத் தலையை நீட்டிச் சொட்டுகளை நக்கியது. எங்களுக்கு உயிர் வந்தது. ஆனால் இரை எடுக்கவில்லை. இரண்டு வெட்டுக்கிளிகளைப் பிடித்து வந்து கிளையில் விட்டேன். அவற்றில் ஒன்று அதன் முதுகிலேயே ஏறி உட்கார்ந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை. விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்தன. பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டது. ஷிஃப்ட் முடிந்து வரும் அண்ணாத்தே செருப்பைக் கழற்றும் முன்னே கேட்பார்: "துன்னுச்சா?" இல்லை என்பேன். அவர் தண்ணீர் டப்பாவை எடுப்பார். பிறகு வேலை நேரத்திலும் போன் செய்து அதையே கேட்க ஆரம்பித்தார்.

பதினோராம் நாள் காலை. எனக்கு வேலை இல்லை. பாயைச் சுருட்டும்போது ஓரத்தில் ஒரு கரப்பான் போய்க்கொண்டிருந்தது. வழக்கமாகக் கைக்கு அகப்படாத பூச்சி அது. இது காலை இழுத்து இழுத்து நடந்தது. இரண்டு விரலால் எடுத்தேன். கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதுவும் அப்படித்தான். அதிர்ஷ்டம் என்றுதான் அப்போது எனக்குப் பட்டது.

முதலாவதைக் கிளையில் விட்டேன். அது ஊர்ந்தது. மாப்ளயின் இரண்டு கண்களும் முதல்முறையாக ஒரே இடத்தைப் பார்த்தன. நாக்கு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவதையும் கொடுத்தேன். உடனே போன் செய்தேன்.

"அண்ணாத்தே, துன்னுச்சு!"

"இன்னாடா சொல்ற! கோவம் தீந்துட்ச்சா மாப்ளைக்கி?" மெஷின் இரைச்சலுக்கு நடுவில் பக்கத்திலிருந்த யாரிடமோ கத்துவதும் கேட்டது. "எங்க ஊட்டு மாப்ள கை நனச்சுட்டாராம்பா!"

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது மாப்ள கீழே கிடந்தது. வாய் திறந்து, நாக்கு பாதி வெளியே தொங்கியது. கால்கள் நடுங்கின. நிமிர்த்தி வைத்தால் மறுபடி சாய்ந்தது. தண்ணீர் தெளித்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே அண்ணாத்தே வந்துவிட்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். எஸ்டேட்டில் காம்பவுண்டு ஓரப் புல்லில் பிடித்த ஐந்தாறு வெட்டுக்கிளிகள் உள்ளே குதித்துக்கொண்டிருந்தன. கீழே பார்த்தார்.

"காலைல துன்னுச்சுன்னியே?"

"துன்னுச்சு. ரெண்டு கரப்பான்."

"எங்க புட்ச்ச?"

கை காட்டினேன். சுருட்டி வைத்திருந்த பாயையும், தரையில் வெள்ளையாகக் கிடந்த கோட்டையும் அவர் பார்த்தார். அவர் பார்த்த பிறகுதான் நானும் பார்த்தேன்.

"டேய்..." என்றார். குனிந்து அந்த மருந்துக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

இருட்டுவதற்குள் அது போய்விட்டது. கருப்பெல்லாம் வடிந்து வெளிறிய மஞ்சளாகிவிட்டிருந்தது. லைன் வீட்டுக்குப் பின்னால், கிளை ஒடித்த அதே முருங்கையின் அடியில் குழி தோண்டினேன். அண்ணாத்தே கவரைப் பிரித்து வெட்டுக்கிளிகளை அங்கேயே விட்டார்.

அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. திட்டியிருந்தால் நான் இன்னும் கொஞ்ச நாள் அங்கே இருந்திருப்பேனோ என்னவோ. செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பேசாமல் உள்ளே வருவதைப் பத்து நாள் பார்த்தேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இப்போது வேலப்பன்சாவடியில் ஒரு ஹாஸ்டல் சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிறேன். பக்கத்திலேயே படுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். சமையல்கட்டு என்பதால் கரப்பானுக்குக் குறைவில்லை. கோடு போடுவதில்லை. இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு படுக்கிறேன்.